ஏழாம் தொட்டியின் விருந்தாளிகள்

நெய்யாங்குறிச்சி சேகோ ஆலையின் ஏழாம் தொட்டியில் இறந்தவர்கள் வந்து தங்கத் தொடங்கிய வருடம், மழை நன்றாகப் பெய்து, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஆள் தொடைப் பருமனுக்கு விளைந்து, வண்டி வண்டியாக ஆலை வாசலில் வந்து குவிந்துகொண்டிருந்ததால், முதலில் யாருக்கும் அதைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை. கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, சலித்து, பாலாக்கி எட்டுத் தொட்டிகளில் விட்டால் ஜவ்வரிசிக்கான மாவு அடியில் வெள்ளையாகப் படியும். மேலே நிற்கும் புளித்த தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டால் அதன் நாற்றம் தெருத்தெருவாகச் சுற்றிவந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் எல்லோரையும் மூக்கைப் பொத்த வைக்கும். எங்களுக்கு அந்த நாற்றம் தெரியாது. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருந்தோம். அதனால்தானோ என்னவோ, எங்கள் ஆட்கள் மணமாகத் திரும்பி வந்தபோது எங்களுக்கு அது அதிசயமாகப் படவில்லை; இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கத்தான் தோன்றியது.

முதலில் வந்தது போலீஸ்காரர் அருணகிரியின் அம்மா. இஸ்திரிக் கடை சிங்காரம் ஆலை மாவில் கஞ்சி காய்ச்சி அருணகிரியின் காக்கிச் சட்டையை அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாக மடித்துக் கொடுத்திருந்தார். பங்குனி வெயிலில், பஸ் ஸ்டாண்ட் முனையில் நின்று வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது அருணகிரிக்கு முதுகு வியர்த்தது. வியர்த்த இடத்திலிருந்து, செத்து ஆறு வருடமான அம்மா எழுந்து வந்தாள். வெந்தயம் ஊறிய தலைமுடி, விறகுப் புகை, பூண்டு உரித்த விரல், இரண்டு நாள் கட்டிய சேலையின் மெல்லிய புளிப்பு. அருணகிரி இரண்டு கைகளையும் நீட்டி இரண்டு பக்கத்து வண்டிகளையும் நிறுத்திவிட்டு அப்படியே நின்று தேம்பினார்.

"சார், அழுவறதா இருந்தா ஒரு பக்கத்தையாச்சும் வுட்டுட்டு அழுவுங்க சார்" என்றார் சேலம் பஸ் டிரைவர்.

சாயங்காலம் ஊரே சிங்காரத்தின் தள்ளுவண்டியைச் சூழ்ந்துகொண்டது. "எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. மாவு ஆலையோடது, வேர்வை சாரோடது. நான் சூடு மட்டுந்தான் வெச்சேன்" என்று அவர் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

ஆகவே கூட்டம் ஆலைக்கு வந்தது. ஆலையில் ஒரு சின்ன லேப் உண்டு. அதில் பதின்மூன்று வருடமாக ஒரே ஆள்தான்: நவநீதம். சேலத்தில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள், நாற்பதை நெருங்குகிறவள், அளந்து பேசுகிறவள். தினமும் எட்டுத் தொட்டிகளிலிருந்தும் ஒவ்வொரு சிட்டிகை மாவெடுத்து, ஈரம், புளிப்பு, வெண்மை, பசை என்று நான்கு கட்டங்களில் எழுதுவது அவள் வேலை. மேனேஜர் துரைக்கண்ணு கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "என்னம்மா இது, மாவுல பேயா?" என்றார்.

நவநீதம் ஒரு கண்ணாடித் தட்டில் ஏழாம் தொட்டி மாவை வைத்து ஒரு சொட்டு வெந்நீர் விட்டாள். யாரோ ஒரு கிழவரின் மூக்குப்பொடி மணம் அறையில் எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, போனது.

"பேய் இல்லீங்க சார். விருந்தாளி" என்றாள்.

பிறகு அவருக்கு விளங்கும்படி சொன்னாள். மாவு என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த நீளச் சங்கிலி. தொட்டித் தண்ணீரில் வாழும் ஏதோ ஒரு நுண்ணுயிர் அந்தச் சங்கிலியை ஆறாறாக, ஏழேழாக, எட்டெட்டாக வெட்டி முனைகளைச் சேர்த்து வளையமாக்கிவிடுகிறது. ஒவ்வொரு வளையமும் அடியில்லாத ஒரு கிண்ணம். அதன் வெளிச்சுவருக்குத் தண்ணீர் பிடிக்கும், உள்சுவருக்குப் பிடிக்காது. எண்ணெய்க் குணமுள்ள வாசனை ஏதாவது அந்தப் பக்கம் வந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு ஆள். ஆறாம் தொட்டியில் ஆறு மணிச் சின்னக் கிண்ணம், ஏழாவதில் ஏழு மணி நடுத்தரம், எட்டாவதில் எட்டு மணிப் பெரிசு.

"உள்ளாற போட்டுப் பூட்டிருதா?"

"பூட்டறதில்லை சார். ஒட்டிக்கறதும் இல்லை. சும்மா உக்காந்திருக்கும்."

"அப்பறம் ஏன் போவாம இருக்குது?"

"போறதுக்கு வேற நல்ல எடம் இல்ல. அதனாலதான். காஞ்சு கெடந்தா வருஷக்கணக்கா இருக்கும். ஈரமும் சூடும் சேர்ந்து பட்டா கெளம்பிடும். இல்லைன்னா, அந்த எடத்துக்கு இன்னும் பொருத்தமா வேற ஒருத்தர் வந்துட்டா, இவங்க எந்திரிச்சு எடம் குடுத்துடணும்."

துரைக்கண்ணு தலையாட்டினார். இறந்தவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது அந்த விளக்கத்தில் இல்லை. அவர் கேட்கவில்லை, ஊரிலும் யாரும் கேட்கவில்லை. மண்ணுக்குள் போனவர்கள் கிழங்குக்குள் வருவதில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஊர் அதற்கென்று ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டது. நவநீதத்தின் பதிவேட்டில் 'மணம்' என்று ஐந்தாவது கட்டம் போடப்பட்டது. அவள் முகர்ந்து எழுதுவதை வெள்ளிக்கிழமை தோறும் ஆலை வாசல் பலகையில் ஒட்டுவார்கள்: ஏழாம் தொட்டி - அத்தரும் ஏலக்காயும்; ஏழாம் தொட்டி - பீடி, வேப்பெண்ணெய், ஈர நாய்; ஆறாம் தொட்டி - தாய்ப்பால், வசம்பு. சங்கு ஊதியதும் சனங்கள் காய்ந்த துணியோடு வரிசையில் வந்து தங்கள் ஆளை ஒரு கைப்பிடி வாங்கிப் போவார்கள். ஆறாம் தொட்டிக்கு வருகிறவர்களிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, முன்னே விட்டுவிட வேண்டும் என்பது சொல்லாமலே வந்த முறை. அங்கே பச்சைக் குழந்தைகள்தான் வந்தார்கள். ஏழில் பெரியவர்கள். எட்டில், வாழ்ந்தபோதே ஓர் இடத்தில் அடங்காதவர்கள்.

"உங்க மாமனாரை ஏழுலயா தேடறீங்க? அந்தத் தொந்திக்கு எட்டே பத்தாதே" என்று வரிசையில் ஒருத்தி சொல்ல, மருமகளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கல்யாண வீடுகளில் கஞ்சி போட்ட துணியில் வருகிறவர்களை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார்கள், யாருடைய அப்பாவாவது பந்தி நடுவில் எழுந்துவிடாமலிருக்க. திதி கொடுக்க வந்த ஐயர், எள்ளுக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் ஒரு ஈரத்துணியும் எடுத்துவைக்கச் சொன்னார். ஒரே ஆளைக் கட்டிக்கொண்டு இருபது வருடம் பேசாமலிருந்த இரண்டு மனைவிகள், அவர் வந்த வெள்ளிக்கிழமை ஒரே கைப்பிடிக்குச் சண்டை போட்டு, கடைசியில் ஒரே வாளியில் கஞ்சி காய்ச்சி ஆளுக்கொரு சேலை நனைத்துக்கொண்டு போனார்கள். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஊர் முழுவதும் மாவிலிருந்து மணம் தானாகவே கசியும். அன்று பள்ளிக்கூடங்களில் பாடம் நடக்காது. வளையல்கடை மைமூன் மட்டும் தன் கணவரை டப்பாவில் மூடியே வைத்திருந்தாள். திறந்தால் குறைந்துவிடுவாரே என்றாள். திறக்கவில்லையென்றால் அவர் இருந்து என்ன, இல்லாமல் என்ன என்று கேட்டவர்களிடம், "நீங்க நகைய எல்லாம் தெனமுமா போட்டுக்கறீங்க?" என்றாள்.

இன்னொரு விஷயமும் நிச்சயமாயிற்று. மாவில் இறந்தவர்கள் மட்டும்தான் வந்தார்கள். தறிக்காரர் சடையனின் தம்பி ஓடிப்போய் ஒன்பது வருடம். செத்துவிட்டான் என்று வீட்டில் மாலை போட்ட படமே இருந்தது. வாரா வாரம் பலகையைப் பார்த்தார்கள், அவன் வரவில்லை. ஆடி மாதம் சூரத்திலிருந்து கடிதம் வந்தது, கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் என்று. படத்திலிருந்து மாலையைக் கழற்றிப் போட்டார்கள். அன்றிலிருந்து, பலகையில் மணம் இல்லையென்றால் ஆள் எங்கோ சோறு தின்றுகொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்துதான் பாவாயி கேட்கத் தொடங்கினாள்.

பாவாயி, நவநீதத்தின் மாமியார். அவள் மகன் செங்கோடன் சொந்த லாரி ஓட்டியவன். கிழங்குச் சாம்பிள் எடுத்துக்கொண்டு லேப்புக்கு வருவான். வடக்கே லோடு போய்த் திரும்பும்போது நாக்பூர் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து, நவநீதம் மாவை அளந்துகொண்டிருக்கும் மேசை முனையில் உட்கார்ந்து உரிப்பான். தோலை வீசாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான், வண்டிக்குள் டீசல் நாற்றத்துக்கு நல்லது என்று. அப்படி உரித்து உரித்துத்தான் அவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணமான இரண்டாம் வருடம் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு போனான். லாரி நாக்பூருக்கு அப்பால் ஒரு தாபா வாசலில் நின்றது. சரக்கு அப்படியே இருந்தது, சாவி வண்டியிலேயே இருந்தது, முன்கண்ணாடிக்குக் கீழே ஆரஞ்சுத்தோல் காய்ந்து கிடந்தது. ஆள் மட்டும் இல்லை. பதினொரு வருடம் ஆயிற்று. சொந்தக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை வந்து, "ஒரு முடிவு பண்ணிரலாமில்ல" என்று நவநீதத்தின் கழுத்தைப் பார்ப்பார்கள். பாவாயி துடைப்பத்தைக் கையில் எடுத்ததும் போய்விடுவார்கள்.

பாவாயி ஒரு வெள்ளிக்கிழமையும் வரிசையில் நின்றதில்லை. அவள் கணவர் முதல் மாதமே வந்துவிட்டார். "அந்த மனுசன் இருந்தப்பவே பீடி நாத்தம் தாங்கல. இப்ப காசில்லாம வருதுன்னு போயி வாங்கியாரணுமாக்கும்" என்றாள். வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பாள். நவநீதம் ஆலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, தலை நிமிராமல் கேட்பாள்.

"இன்னைக்கும் இல்லதான?"

"இல்லீங்க அத்தை."

கொட்டை ஒன்று தகர டப்பாவில் விழும் சத்தம் கேட்கும். பிறகு சோறு போடுவாள்.

ஊர் முழுவதும் தன் ஆள் வர வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தபோது, நவநீதம் ஒருத்திதான் தினமும் எட்டு முறை குனிந்து, வரக் கூடாது என்று முகர்ந்தாள். முகர்ந்துவிட்டு நிமிரும்போது, வரவில்லையே என்றும் இருந்தது. ஊரின் செத்தவர்கள் அத்தனை பேரையும் அவள் மூக்கு அறிந்துவிட்டது; உயிரோடிருந்தபோது பார்த்தேயிராத கிழவிகளைக்கூட வாசனையில் பெயர் சொல்லிவிடுவாள். பதினொரு வருடத்தில் அவனுடைய முகம் அவளுக்குக் கொஞ்சம் கலங்கியிருந்தது. குரல் அதற்கு முன்பே போய்விட்டது. மூக்கில் மட்டும் அவன் இன்னும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசி மாதம், ஆயுத பூஜைக்குப் பதினொரு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு, ஏழாம் தொட்டியின் சிட்டிகையில் அவள் சொட்டு விட்டாள்.

முதலில் டீசல். பிறகு சந்தன சோப்பு. பிறகு, நகம் பட்டதும் தோலிலிருந்து சிதறுமே, கண் கூசுமே, அந்தத் தூறல்.

அவள் கண்ணாடித் தட்டின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அது தீரும் வரை அசையாமலிருந்தாள். எவ்வளவு தூரம், என்று நினைத்தாள். நாக்பூரிலிருந்து, மண்ணுக்கு அடியில், வேர் வேராக, கிணறு கிணறாகக் கேட்டுக்கொண்டு வந்து சேரப் பதினொரு வருடம் ஆகியிருக்கிறது. பிறகு பேனாவை எடுத்து ஐந்தாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அவள் எழுதிய முதல் பொய் அது. தொட்டிக்குப் போய் அந்தப் பக்கத்து மாவை இரண்டு கைப்பிடி வழித்து, லேப்புக்குள்ளேயே நிழலில் காயவைத்து, ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு மூடி, லேப் அலமாரியில் அமிலப் புட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள்.

"இன்னைக்கும் இல்லதான?"

"இல்லீங்க அத்தை."

பதினொரு நாளும் அப்படியே சொன்னாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்த நாட்களும் இருந்தன. ஒரு பக்கம் அத்தையின் நம்பிக்கை இருந்தது, ஒரு பக்கம் அத்தையின் மகன் இருந்தான். ஒன்றைக் கொடுத்தால் மற்றதைப் பிடுங்கியாக வேண்டும்.

எங்கள் ஆலையில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. அரைக்கும் மிஷின் முதல் சாக்குத் தைக்கும் ஊசி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, ஒவ்வொரு தொட்டிக்கும் கற்பூரம் காட்டுவார்கள். கோடி ஜனம் கும்பிடுகிற கோயில் மாதிரி ஆகிவிட்ட ஆலைக்கு இந்த வருடம் ஒரு கட்டி போதுமா? வீட்டுக்கு ஒரு டப்பா கற்பூரம் கொண்டுவந்து நம்ம ஆளுங்களுக்குக் காட்டலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. நவநீதம் எழுந்து நின்றாள்.

"கற்பூரம் மட்டும் வேண்டாங்க சார். அது ஏழாம் தொட்டிக் கிண்ணத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்தும். ஆறுலயும் எட்டுலயும்கூடப் புகுந்துக்கும். உள்ள வந்துச்சுன்னா எல்லாரையும் எழுப்பி விட்டுரும்."

"அதெப்பிடிம்மா? சாமிக்குக் காட்டற கற்பூரம் நம்ம பெரியவங்கள வெரட்டுமா?" என்றார் துரைக்கண்ணு.

"சாமி வேற, கிண்ணம் வேறங்க."

"படிச்சவங்க பேச்சே இப்பிடித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவங்களுக்கு அங்க ஆளு இல்ல. நமக்கில்ல இருக்குது." அதைச் சொன்னது யாரென்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் திரும்பவில்லை. நவநீதம் உட்கார்ந்துவிட்டாள்.

பூஜையன்று ஊர் திரண்டது. ஏற்றியது கொஞ்சம்தான். மிச்சத்தைப் பக்தியோடு தொட்டித் தண்ணீரில் நுணுக்கித் தூவினார்கள், கிடங்கில் மூட்டைகளின் மேல் அட்சதை மாதிரி போட்டார்கள், களத்தில் காய்ந்துகொண்டிருந்த மாவில் கோலமாக இட்டார்கள். புரட்டாசி வெயிலில் கற்பூரம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து ஆலை முழுவதும் நிறைந்தது. நவநீதம் லேப்புக்குப் போய் அலமாரியைத் திறந்து ஹார்லிக்ஸ் புட்டியை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

நாலரை மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள்.

தொட்டிகளிலிருந்து, மூட்டைகளிலிருந்து, களத்திலிருந்து, மூக்குப்பொடியும் அத்தரும் வெந்தயமும் தாய்ப்பாலும் மருதாணியும் பீடியும் குதிரைச் சாணமும் தாழம்பூவும், பெயரே தெரியாத நூறு வருடத்துக்கு முந்தைய சமையல்களும் ஒன்றாகக் கிளம்பி, ஆள் உயரத்துக்கு எழும்பி, ஆலை வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தன. சனங்கள் தங்கள் ஆளின் பின்னால் நடந்தார்கள். அருணகிரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அம்மா, மெதுவா போ, மெதுவா போ" என்று சொல்லிக்கொண்டே போனார். இரண்டு மனைவிகளும் கைகோத்துக்கொண்டு போனார்கள். ஆறாம் தொட்டிக்காரிகள் கைகளைத் தொட்டில் மாதிரி வைத்துக்கொண்டு, எதையும் தாங்காமல், பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள். பஸ் ஸ்டாண்ட் வரை வந்ததும் காற்று திரும்பியது. அதோடு முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது ஆலை முழுவதும் கற்பூரம். ஊர்க்கூட்டத்தில் பின்னாலிருந்து குரல் கொடுத்த ஆள் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. எல்லோர் கையிலும் காலி டப்பா இருந்தது.

நவநீதம் வீட்டுக்கு வந்தாள். அவள் தலைமுடியில், விரலில், சேலையில் எல்லாம் கற்பூரம். புட்டியின் மூடி அவ்வளவு இறுக்கமானதில்லை. விடிந்து ஒரு நாள் தாண்டினால் இதற்குள்ளும் அது புகுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பாவாயி தலை நிமிராமல் கேட்டாள். "இன்னைக்கும் இல்லதான?"

நவநீதம் செருப்பைக் கழற்றி நேராக வைத்தாள். நேராகத்தான் இருந்தது, மறுபடி வைத்தாள்.

"அத்தை, காலையில ஒரு சேலைக்குக் கஞ்சி போடணுங்க. ஒத்தையில பிழிய முடியாது. கொஞ்சம் பிடிக்கறீங்களா?"

பாவாயி அவளை ஒரு முறை பார்த்தாள். தகரத்தில் கொட்டை விழவில்லை. "பிடிக்கறேன்" என்றாள்.

காலையில் நவநீதம் தலைக்குக் குளித்து, கையை மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, அடுப்பில் தண்ணீர் காயவைத்து, புட்டியிலிருந்த மாவு முழுவதையும் கரைத்தாள். அதிகம் கொதிக்க விடவில்லை. செங்கோடன் வடக்கேயிருந்து வாங்கிவந்த ஊதாக் கரை போட்ட நூல் சேலையை அதில் அமுக்கி, வாளியைக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். இருவரும் சேலையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். ஒருத்தி வலப்பக்கம் முறுக்கினாள், ஒருத்தி இடப்பக்கம் முறுக்கினாள். வெதுவெதுப்பான கஞ்சி சேலையின் நடுவிலிருந்து கல்லில் சொட்டியது.

அவன் வந்தான். டீசலும் சந்தன சோப்பும் ஆரஞ்சுமாக, இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் ஒரே தூரத்தில் வந்து நின்றான். அதற்கு அடியில் நவநீதம் அறியாத இன்னொரு மணமும் இருந்தது, விளக்கெண்ணெயும் பாலும் கலந்த ஏதோ ஒன்று, அவள் அவனைக் காண்பதற்கு வெகு காலம் முந்தையது. அதைப் பாவாயி மட்டும் அறிந்திருக்க வேண்டும். அவள் முறுக்குவதை நிறுத்தியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, சேலை முனையைக் கன்னத்தோடு வைத்திருந்தாள்.

 நவநீதம் இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினாள்.

"இறுக்கிப் பிழியாத புள்ள" என்றாள் பாவாயி, கண்ணைத் திறக்காமலே. "கொஞ்சம் இருக்கட்டும்."

கல்லில் சொட்டுவது நிற்கும் வரை இருவரும் முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பாவாயியே சேலையை உதறி, வெயிலில் கட்டியிருந்த துணிக்கொடியைத் தாண்டி, மாட்டுக்கொட்டகையின் நிழலில் கொண்டுபோய் விரித்துப் போட்டாள். சுருக்கம் எடுத்து, கரையை நீவிவிட்டு, ஒரு குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு வருகிறவள் மாதிரி பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்று நவநீதம் ஆலைக்குப் போய் எட்டுத் தொட்டிகளையும் முகர்ந்து ஐந்தாவது கட்டத்தில் எட்டு முறை கற்பூரம் என்று எழுதினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பாவாயி வாசலில் புளியோடு உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போலத் தலை நிமிராமல் வாயெடுத்தவள், கொஞ்சம் நிறுத்தினாள்.

"சேலை காஞ்சிருச்சா, பாரு."

நவநீதம் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இல்லீங்க அத்தை. இன்னும் ஈரமாத்தான் இருக்குது."

தகரத்தில் ஒரு கொட்டை விழுந்தது. பாவாயி சோறு போட எழுந்தாள். சேலை நடுப்பகலிலேயே காய்ந்துவிட்டிருந்தது; பாவாயியும் அதைத் தொட்டுப் பார்த்திருந்தாள்.